முன்னிலை: கோமதிசங்கர்

கோமதிசங்கர் தன் ஐம்பத்தாறு வயதுக்குள் எழுதியவை மிகக் குறைவு. பள்ளிக்கூடப் பரீட்சைகளை விட்டுவிட்டால், கல்யாணம் நிச்சயமானபோது மாமனாருக்கு ஒரு தபால் அட்டை. வண்ணார்பேட்டை மோட்டார் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தபின் 'இன்று கடை விடுமுறை' என்று ஓர் அறிவிப்பு. அந்த அறிவிப்பிலும் 'விடுமுரை' என்றுதான் இருந்தது. முதலாளி பார்த்துச் சிரித்துவிட்டு அப்படியே தொங்கவிட்டார். வந்த வாடிக்கையாளர்களுக்கு விஷயம் புரிந்தது, திரும்பிப் போனார்கள். எழுத்தால் ஆகக்கூடியது அவ்வளவுதான் என்று கோமதிசங்கர் இருந்துவிட்டார்.

எழுதுகிறவள் அவர் மனைவி சண்முகசுந்தரி. மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு, மத்தியான வேளைகளில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். என்ன எழுதுகிறாள் என்று அவர் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்றில்லை, தோன்றவில்லை. அவள் மிக்சியில் என்ன அரைக்கிறாள் என்றும் அவர் கேட்டதில்லை.

அவள் ஒரு சிறுகதையை அனைத்துலகப் பொருநைப் படைப்பாளர் பேரமைப்பின் பாளையங்கோட்டைக் கிளைக்கு அனுப்பியிருந்தாள். பேரமைப்புக்குத் தலைமையகம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. மற்றக் கிளைகளும் கிடையாது. இந்தக் கிளை மட்டும் பல வருஷமாகத் தழைத்துக்கொண்டிருந்தது. அதன் செயலாளர் கைலாசம், இன்சூரன்ஸ் முகவர், ஒரு நாள் சுந்தரிக்குப் போன் செய்து, மாதாந்தரக் கூட்டத்தில் அவள் கதையை வாசிக்கலாம் என்று சொன்னார். அவள் போனை வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் அடுப்பை அணைக்காமலே நின்றாள். சாம்பார் வற்றிக் கூட்டாகிவிட்டது. அன்றைக்குச் சாப்பிடும்போது கோமதிசங்கர் கூட்டு நன்றாயிருக்கிறது என்றார்.

அழைப்பிதழ் வாட்ஸப்பில் வந்தது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நோக்கவுரை, அறிமுகவுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நிறைவுரை என்று வரிசையாக ஆட்கள், ஒவ்வொருவர் பெயருக்கு முன்னாலும் பட்டம், பின்னாலும் பட்டம், பக்கத்தில் படம். எல்லாவற்றுக்கும் கீழே, நன்றியுரைக்கு மேலே, கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரிகிற எழுத்தில் 'படைப்பு வாசிப்பு: திருமதி சண்முகசுந்தரி' என்று இருந்தது. அவள் அந்த இடத்தை மட்டும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். கூட்டம் ஒரு டியூட்டோரியலின் மாடியில். அவளை இறக்கிவிட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வருவது அவர் திட்டம்.

இங்கே கோமதிசங்கரின் தோற்றத்தைச் சொல்லியாக வேண்டும். சவரம் செய்தால் தோல் தடித்துப்போகிறது என்று டாக்டர் சொன்னதால் தாடி வைத்திருந்தார். அது முழு வெள்ளை. முடிவெட்டுகிற கடையில் ஞாயிறன்று கூட்டம் என்பதால் பின்தலை முடி சட்டைக் காலரைத் தாண்டியிருந்தது. காய்கறி வாங்கத் தோளில் ஒரு நீளமான துணிப்பை. இந்த மூன்றும் ஓர் ஆளிடம் ஒன்றுசேர்ந்தால் தமிழ்நாட்டில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது.

படிக்கட்டடியில் நின்ற கைலாசம் அவரைப் பார்த்ததும் கைகூப்பினார். அன்றைக்கு முன்னிலை வகிக்க வேண்டியவருக்கு வயிற்றுப்போக்கு. மேடையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது, அது தமிழுக்கு இழுக்கு என்று சொல்லி, பதிலை எதிர்பாராமல் அவர் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனார். சுந்தரி பின்னால் வந்தாள். மேடையில் கோமதிசங்கரும் சுவரில் தனிமங்களின் அட்டவணையும் அருகருகே அமைந்தார்கள். அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். முன்னிலை வகிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் பைய விசாரித்தார். ஒன்றும் செய்யக்கூடாது என்றார் அவர். அது கோமதிசங்கருக்குச் சுலபமாக வந்தது.

வரவேற்புரை அரைமணி நேரம். நோக்கவுரை அதைவிடக் கூட. பேரமைப்பின் நோக்கம் படைப்பாளர்களுக்கு மேடை தருவது என்பதை அது பல கோணங்களில் நிறுவியது. தலைவர் முதுமுனைவர் பாக்கியசீலன் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் எழுந்தபோது கீழே அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அவையோரே, நேரமின்மையால் படைப்பு வாசிப்பு அடுத்த திங்களுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. படைப்பு எங்கும் ஓடிப்போகாது. விருந்தினர்கள்தாம் ஓடிப்போவார்கள்."

கைதட்டினார்கள். சுந்தரி கதைத்தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் கத்தரிக்காய் வாங்கவில்லையே என்று அவர் வருத்தப்பட்டார்.

பேரமைப்புக்கு 'செய்திகளும் நிகழ்வுகளும்' என்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அவர்கள் வீடு சேர்வதற்குள் அதில் செய்தி வந்துவிட்டது: 'மூத்த படைப்பாளர் கோமதிசங்கர் முன்னிலை வகித்தார்.' படைப்பு வாசிப்பும் நடைபெற்றதாகவே அதில் இருந்தது. செய்தியைக் கைலாசம் முந்தின நாளே எழுதிவைத்துவிடுவாராம், ஆள் மாறினால் பெயரை மட்டும் திருத்துவாராம். கூட்டம் முடிந்தபின் எழுதினால் விஷயங்கள் குழம்பிவிடுகின்றன என்பது அவர் அனுபவம்.

அடுத்த மாதம் கோமதிசங்கர் உஷாராக எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். ஆள் அனுப்பிக் கூட்டிப்போனார்கள். இந்தத் தடவை வாழ்த்துரை. ஒலிபெருக்கிக்காரர், மேலப்பாளையம் சேக் முகம்மது, மைக்கை அவர் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, பயப்படாதீக அண்ணாச்சி, நான் இருக்கேன் என்று காதில் சொன்னார். கோமதிசங்கர் மனசில் உள்ளதைச் சொன்னார்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நான் வண்ணார்பேட்டையில தண்ணி மோட்டார் விக்குதேன். போருக்குள்ள போடுத மோட்டார். அவ்வளவுதான்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாக்கியசீலன் மைக்கை வாங்கிக்கொண்டு, இந்த மூன்று வரிக்கு முப்பது நிமிஷம் பொருள் சொன்னார். தெரியாது என்பது ஞானத்தின் தலைவாசல் என்றார். நிலத்தடியில் ஒருவர் கண்ணுக்கும் படாமல் மூழ்கிக் கிடந்து ஊருக்கெல்லாம் ஈரம் தருகிற நீர்மூழ்கி மோட்டார் எழுத்தாளன் அல்லாமல் வேறென்ன என்று கேட்டார். பதில் சொல்ல கோமதிசங்கர் வாயெடுத்தார். அது கேள்வியல்ல என்று பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கையால் உணர்த்தினார்.

சுந்தரியை அன்று குத்துவிளக்கேற்றக் கூப்பிட்டார்கள். பிறகு சுண்டலைத் தட்டுகளில் பகிரச் சொன்னார்கள். பெண்களுக்கு இரண்டு வாய்ப்புக் கொடுத்திருக்கிறோம் என்று கைலாசம் மேடையிலேயே குறிப்பிட்டார். கதைக்கு மட்டும் புதிதாக ஒரு சிக்கல் வந்திருந்தது. இனி எந்தப் படைப்பும் ஆய்வுக்குழுவின் ஒப்புதலுக்குப் பிறகே வாசிக்கப்படும் என்று தீர்மானம். குழுவில் தலைவர், செயலாளர், மூத்த படைப்பாளர் கோமதிசங்கர்.

ஆய்வுக்குழு ஜங்ஷன் பக்கம் ஓர் ஓட்டலில் கூடியது. நெய் ரோஸ்ட் சாப்பிட்டார்கள். கதை கைலாசத்தின் தோல்பைக்குள் இருந்தது. எண்ணெய்க் கை என்று யாரும் எடுக்கவில்லை. காப்பி வந்தபோது, நானாவது ஒரு தடவை வாசித்துப் பார்க்கட்டுமா என்று கோமதிசங்கர் கேட்டார். பாக்கியசீலன் பதறிப்போனார். படித்துவிட்டால் விருப்பு வெறுப்பு வந்துவிடும், நடுநிலை போய்விடும், தாம் முப்பதாண்டு ஆய்வேடுகளைத் திருத்தியது அந்த முறையில்தான் என்று விளக்கினார். முடிவில், கதை நன்றாகவே இருக்கிறது, ஆனால் பெண் எழுதிய கதை என்பதால் மகளிர் தினம் வரும் மார்ச் மாதத்தில் வாசிப்பதே அதற்கு மரியாதை என்று ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். அப்போது ஏப்ரல் முடிந்துகொண்டிருந்தது.

வீட்டில் இதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அவரை முந்திக்கொண்டு வாட்ஸப் சொல்லிவிட்டது. சுந்தரி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அது அவருடைய வெள்ளைச் சட்டை, கூட்டத்துக்கானது. நான் இனிமேல் வரவில்லை, நீ மட்டும் போய்ப் பார் என்றார்.

"வாங்க. நாற்காலி ஒங்களுக்குத்தான போட்டிருக்காவ" என்றாள் அவள், சட்டையைத் திருப்பிப் போட்டபடி.

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அவருக்கு அன்றிரவு புரண்டு படுக்க வேண்டிவந்தது.

சீவலப்பேரியிலிருந்து வயலுக்கு மோட்டார் வாங்க வந்த ஒருவர், நீங்கள்தானே அந்த எழுத்தாளர் என்று கேட்டார். வாட்ஸப் குழுவில் படம் பார்த்தாராம். நான் இல்லை, என் வீட்டுக்காரி என்றார் கோமதிசங்கர். அப்படியா, அவர்கள் எதைப் பற்றி எழுதுவார்கள் என்று அந்த மனிதர் ஆவலாகக் கேட்டார். கோமதிசங்கர் மோட்டாரின் குதிரைத்திறனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அன்று வீட்டுக்கு வந்ததும், கதையை எனக்கு வாசித்துக் காட்டேன் என்றார்.

"சபையில வாசிக்கணும்னு எழுதினது" என்றாள் சுந்தரி. "அங்கன வச்சே கேட்டுக்கிடுங்க."

இதற்குள் பேரமைப்பின் ஆண்டு விழா வந்தது. கோமதிசங்கருக்கு 'ஆழ்நிலை எழுத்துச் செம்மல்' விருது என்று கைலாசம் கடைக்கே வந்து சொன்னார். கோமதிசங்கர் அவரைக் கிட்டங்கிக்குள் கூட்டிப்போய், பம்ப் பெட்டிகளுக்கு நடுவே நிறுத்திவைத்துப் பேசினார்.

"வே கைலாசம், நான் ஒரு வரிகூட எழுதினதில்லவே. இங்கன பில்லு கூட கம்ப்யூட்டர்தான் போடுது. எழுதுதவளுக்குக் குடுமே."

கைலாசம் பொறுமையாகச் சிரித்தார்.

"அண்ணாச்சி, நாங்க பட்டு அறிஞ்சவங்க. எழுதினவனுக்குக் குடுத்தா மத்தவன் எல்லாம் அவனை வாசிச்சுப் பாப்பான். சண்டைதான் வரும். போன தடவை ரெண்டு பேரு அமைப்ப விட்டே போயிட்டாங்க. எழுதாதவருக்குக் குடுத்தா ஒரு வம்பும் கெடையாது. எல்லாருக்கும் ஒரு நம்பிக்கையும் வரும்லா?"

போகும்போது ஒரு மோட்டாரைக் காட்டி, உறுப்பினர்களுக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அழைப்பிதழில் பெயர் போட்டவர்கள் எல்லாரும் அதிசயமாக வந்துவிட்டதால் மேடை கொள்ளவில்லை. இரண்டாம் வரிசை போட்டார்கள். அதுவும் நிறைந்தபின், கீழே உள்ள முதல் ஐந்து வரிசைகளும் மேடையின் நீட்சியாகக் கருதப்படும் என்று கைலாசம் அறிவித்தார். அதற்கப்புறம் பார்வையாளர் என்று மிஞ்சியது சுந்தரி, சேக் முகம்மது, சாப்பாடு பரிமாற வந்திருந்த நாலைந்து பெண்கள். நடுவில் சால்வை தட்டுப்பட்டது. முதலில் போர்த்தியவர்களிடமிருந்து மெதுவாகக் கழற்றிப் பிந்தியவர்களுக்குப் போர்த்தினார்கள். ஒருவருக்குத் தமக்குப் போர்த்தியதே இரண்டாம் தடவையும் வந்து சேர்ந்தது. அவர் இரண்டு தடவையும் நெகிழ்ந்தார்.

பாராட்டுரைகளில் கோமதிசங்கரின் எழுத்து நடையைப் பற்றி ஒருவர் விரிவாகப் பேசினார். எளிமை, ஆனால் எளிதில் அகப்படாத எளிமை என்றார். தேடித் தேடிப் பார்த்தும் தமக்கு அவர் நூல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, அத்தனையும் விற்றுத் தீர்ந்திருக்கின்றன என்றார் இன்னொருவர். கேடயத்தைக் கையில் கொடுத்து, ஏற்புரைக்கு விட்டார்கள்.

கோமதிசங்கர் மைக்கைப் பிடித்தார். கடைசி வரிசையில் சுந்தரி மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவள் தன்னையே பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"நான் எதுவும் எழுதினதில்ல" என்றார்.

பலத்த கைதட்டல்.

"சத்தியமாச் சொல்லுதேன். ஒரு வரி எழுதினதில்ல."

இன்னும் பலத்த கைதட்டல். முதல் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதுதது என் வீட்டுக்காரி. அந்தா, கடைசியில உக்காந்திருக்கா."

பாக்கியசீலனால் தாங்க முடியவில்லை. பாய்ந்து வந்து கோமதிசங்கரைக் கட்டிக்கொண்டார். "பார்த்தீர்களா பெருந்தன்மையை! தம் எழுத்தையெல்லாம் இல்லாளுக்கே உரிமையாக்கிவிட்டார். எழுத்தைத் துறந்த எழுத்தாளர் இவர் ஒருவர்தாம்" என்று மைக்குக்கு வெகு அருகில் சொன்னார். கூட்டம் எழுந்து நின்றது.

அந்தப் பிடிக்குள் இருந்தபடியே கோமதிசங்கர் யோசித்தார். வாடிக்கையாளர் ஒரு மோட்டார்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால், அதைத் தப்பு என்று சொல்லக்கூடாது. சரி என்று சொல்லிவிட்டுக் கூடவே இன்னொன்றைக் காட்ட வேண்டும். முப்பது வருஷ வியாபாரம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

"சரிங்க" என்றார். "அப்போ என் சார்பா நன்றியுரைய அவளே சொல்லட்டும்."

நன்றியுரை கைலாசத்தின் பொறுப்பு. கீழே பந்தியில் சொதியும் இடியாப்பமும் தயாராகியிருந்த வாசனை அப்போதுதான் மேலே வர ஆரம்பித்திருந்தது. அவர் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தார். நன்றியுரையைப் பெண் சொன்னால் பார்க்கவும் நன்றாயிருக்கும் என்றார் தலைவர்.

சுந்தரி கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்தாள். அவளுக்கு வழிவிட்டுக் கோமதிசங்கர் மேடையை விட்டு இறங்கிப்போய், அவள் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சேக் முகம்மது மைக்கை இறக்கிவைத்தார். அவள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். மடிப்பு ஓரங்கள் நைந்திருந்தன.

"எல்லாருக்கும் நன்றி" என்றாள். உடனே கதையை வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மேடையில் முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியபோது வழியில்லாமல் போயிருந்தது. நன்றியுரைக்குப் பின் நாட்டுப்பண், நன்றியுரை தொடங்கிவிட்டால் நாட்டுப்பண் முடியாமல் மேடையிலிருந்து எவரும் எழக்கூடாது. பேரமைப்பில் உறுதியாகக் கடைப்பிடிக்கப்பட்ட விதி அது ஒன்றே. கீழ் ஐந்து வரிசைகளும் மேடைதான் என்று அன்றைக்கே அறிவித்தும் ஆகிவிட்டது. ஆகவே அத்தனை பேரும் சால்வைகளோடு உட்கார்ந்து, பேரமைப்பின் வரலாற்றில் முதல் தடவையாக, ஒரு படைப்பைக் கேட்டார்கள்.

கதையில் ஒரு பெண். நாற்பத்தைந்து வயசு. காய்கறி வாங்கப் பஸ் நிலையம் பக்கம் வந்தவள், திசையன்விளை பஸ் புறப்படுவதைப் பார்த்து ஏறிவிடுகிறாள். அந்த ஊரில் அவளுக்கு யாரும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, நிலம் கறுப்பிலிருந்து சிவப்பாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே போகிறாள். இறங்கி ஓட்டலில் குடும்ப அறைக்குப் போகாமல் வாசலோர மேசையில் உட்கார்ந்து இரண்டு பூரி செட் சாப்பிடுகிறாள். வளையல் கடைக்காரர் பெயர் கேட்கிறார்; ஒரு பெயர் சொல்கிறாள். பூக்காரி கேட்கிறாள், அவளிடம் வேறு பெயர். திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கிழவரிடம் மூன்றாவதாக ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் தகுந்தாற்போல் அவள் குரல் மாறுகிறது, சிரிப்பு மாறுகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. கணவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, மோட்டார் போட்டியா என்கிறான். போட்டேன் என்கிறாள் அவள், தன் சொந்தக் குரலில்.

கதை அங்கே முடிந்தது.

கோமதிசங்கர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் அன்றைக்கு முந்தின நாள் கேட்டிருந்தார். அதற்கு முந்தின நாளும். பரிமாற வந்திருந்த பெண்களில் ஒருத்தி கரண்டியோடு கதவருகே நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

"எக்கா, அந்தம்மா மறுபடியும் பஸ் ஏறுனாளா?" என்று ஓரத்திலிருந்து சேக் முகம்மது கேட்டார். கேட்டுவிட்டு, கூட்டத்தில் பேசிவிட்டோமே என்று மைக் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

சுந்தரி அவர் இருந்த பக்கம் பார்த்துச் சிரித்தாள். தாளை மடித்தாள்.

நாட்டுப்பண் பாடப்பட்டது, வழக்கத்தைவிட விரைவாக. பந்திக்கு இறங்கும்போது, இவ்வளவு நீண்ட நன்றியுரையைத் தாம் கேட்டதில்லை என்றும், அதில் ஒருவர் பெயரைக்கூடக் குறிப்பிடாதது வருந்தத்தக்கது என்றும் பாக்கியசீலன் கைலாசத்திடம் சொன்னார். பெண்களுக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்றார் கைலாசம். சொதி அதற்குள் ஆறிப்போயிருந்தது. அந்தக் குறையைத்தான் பேரமைப்பு அடுத்த செயற்குழுவில் கடுமையாக விவாதித்தது.

கோமதிசங்கரும் சுந்தரியும் பந்தியில் உட்காரவில்லை. மண்டப வாசலில் அவர் வண்டியை எடுக்கும்போது போன் அடித்தது. செய்தி வந்திருந்தது. விருது, பட்டம், மேடையில் வீற்றிருந்தோர் அத்தனை பேர் பெயரும் வரிசையாக. கடைசி வரி: 'முடிவில் திருமதி கோமதிசங்கர் நன்றி கூறினார்.' அவர் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து அவர் கேட்டதில்லை. வேறொருத்தியின் சிரிப்புப்போல இருந்தது.

வண்டி பெருமாள்புரம் பக்கம் திரும்பியது. கேடயம் அவள் மடியில் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, தலையைப் பாதி திருப்பி, ரொம்ப நேரமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டார்.

"ஏளா, நீ திசையன்விளைக்கு எப்போ போன?"

"எந்தத் தடவையக் கேக்கீங்க?" என்றாள் சுந்தரி.